மூடிய தியேட்டரில் கச்சேரி வைக்கலாமா?

அவிநாசிப் பக்கத்திலிருந்து ஒருவர் கேட்டிருக்கிறார். வெளிநாடுகளில் பழைய சினிமா தியேட்டர்களைக் கச்சேரி அரங்குகளாக மாற்றி டிக்கெட் போட்டு நடத்துகிறார்கள். நம்ம கோவை, ஈரோடு, சேலம் பக்கத்தில் மட்டும் மூடிய தியேட்டர்கள் கல்யாண மண்டபமாகவோ குடோனாகவோ போகின்றன, இல்லாவிட்டால் இடிபடுகின்றன. இங்கே ஏன் அது நடக்கவில்லை, எங்கள் ஊரில் பூட்டிக் கிடக்கும் தியேட்டரை அப்படி மாற்ற முடியுமா என்பது அவர் கேள்வி. இரண்டு கேள்வியாகத் தெரிந்தாலும் ஒன்றுதான்: சினிமாவுக்கென்று கட்டிய கூடத்தில் சங்கீதம் குடியிருக்குமா? என் பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அந்தக் கூடம் பேசும் படம் வருவதற்கு முன்னால் கட்டியதா, பின்னால் கட்டியதா என்பதில் பாதி விடை இருக்கிறது. மீதிப் பாதி, நீங்கள் அங்கே என்ன கச்சேரி வைக்கப் போகிறீர்கள் என்பதில்.

நான் தியேட்டர்களுக்கு சவுண்ட் போட்டுக் கொடுக்கிறவன். முப்பது வருஷத்துக்கு மேல் ஆகிறது. திரைக்குப் பின்னால் ஒற்றை ஹாரன் ஸ்பீக்கர் பெட்டி இருந்த காலத்தில் தொழிலுக்கு வந்து, தொண்ணூறுகளின் நடுவில் டிடிஎஸ் வந்தபோது சுவர் சுவராகத் துளை போட்டு ஸ்பீக்கர் மாட்டி, டிஜிட்டல் வந்தபோது பழைய புரொஜெக்டர்கள் இரும்பு விலைக்குப் போவதையும் பார்த்தவன். கோபி, பவானி, தாராபுரம், உடுமலை, பல்லடம் என்று ஆபரேட்டர் ரூமில் சாப்பிட்டு, திரைக்குப் பின்னால் சாக்கு விரித்துத் தூங்கியிருக்கிறேன். நான் கட்டடப் பொறியாளர் இல்லை, வக்கீலும் இல்லை. அந்த இரண்டு விஷயத்திலும் நான் சொல்வதை அந்தந்த ஆளிடம் ஒருமுறை கேட்டுக்கொள்ளுங்கள். ஒலி விஷயத்தில் மட்டும் என்னை நம்பலாம்.

வரலாற்றிலிருந்து ஆரம்பிக்கிறேன், ஏனென்றால் நம்ம பக்கத்துக் கதை சுவாரசியமானது. கோவைக்காரர் சாமிக்கண்ணு வின்சென்ட், திருச்சியில் ரயில்வேயில் வரைவாளராக வேலை பார்த்தவர். 1905இல் துய்ப்பான் என்ற பிரெஞ்சுக்காரரிடமிருந்து புரொஜெக்டரையும் படச்சுருள்களையும் வாங்கி, டெண்ட் போட்டு ஊர் ஊராகப் படம் காட்டக் கிளம்பினார். 1914இல் கோவையில் நிரந்தரக் கட்டடமாக அவர் எழுப்பியதுதான் வெரைட்டி ஹால். அந்தச் சாலைக்கு இன்றும் வெரைட்டி ஹால் ரோடு என்றுதான் பெயர். கட்டடம் பிற்பாடு டிலைட் தியேட்டர் ஆனது. இதைத் தென்னிந்தியாவின் முதல் நிரந்தரத் திரையரங்கு என்று பலர் எழுதுகிறார்கள். அதை அப்படியே எடுத்துக்கொள்ள வேண்டாம். சென்னை மவுண்ட் ரோட்டில் எலக்ட்ரிக் தியேட்டர் அதற்கு முந்தைய வருஷமே வந்துவிட்டதாகச் சொல்லப்படுகிறது. மிகப் பழைய சிலவற்றில் ஒன்று, கோவையில் முதல் என்ற அளவில் நிறுத்திக்கொண்டால் யாரும் சண்டைக்கு வரமாட்டார்கள்.

எனக்கு அந்த 'முதல்' பட்டத்தைவிட 'வெரைட்டி' என்ற பெயர்தான் முக்கியம். மௌனப்படக் காலத்தில் படம் மட்டுமே காட்டுவது வழக்கமில்லை. திரைக்குக் கீழே ஆர்மோனியமும் தபலாவும் உட்கார்ந்திருக்கும். கதை சொல்ல ஓர் ஆள் நிற்பார். ரீலுக்கும் ரீலுக்கும் நடுவே நடனம் இருக்கும், குத்துச்சண்டைகூட இருக்கும். கூட்டம் வந்தது இத்தனைக்கும் சேர்த்துத்தான். ஆக, அந்தக் காலத்துக் கூடம் ஒன்றுக்கு மேடை வேண்டும், மேடையில் நிற்கிறவன் குரல் மைக் இல்லாமல் கடைசி பெஞ்சுக்குப் போக வேண்டும். அது பாதி நாடகக் கொட்டகை. சங்கீதம் அந்தக் கூடத்துக்கு விருந்தாளியாக வந்ததில்லை, முதல் நாளிலிருந்தே வீட்டு ஆள்.

1931 அக்டோபர் 31ஆம் தேதி முதல் தமிழ்ப் பேசும் படம் வெளியானது. 1932இல் பைக்காரா நீர்மின் நிலையம் ஓட ஆரம்பித்து, கோவை மில்களுக்கு மின்சாரம் வந்தது. வின்சென்ட்டே 1933இல் கல்கத்தா ஸ்டுடியோவோடு சேர்ந்து எடுத்த 'வள்ளி திருமணம்' பெரிய வெற்றி. மூன்றே வருஷத்தில் படம், கரண்ட், மில் சம்பளம் மூன்றும் ஒன்றாக வந்து சேர்ந்தன. 1935இல் சேலத்தில் டி. ஆர். சுந்தரம் மாடர்ன் தியேட்டர்ஸைத் தொடங்கினார், கோவையில் சென்ட்ரல் ஸ்டுடியோ வந்தது. நாடகக் கொட்டகைகள் பல டாக்கீஸ் ஆயின. அப்புறம் புதிதாகக் கட்டியவையெல்லாம் முதல் செங்கல்லிலிருந்தே டாக்கீஸ். ஆர்மோனியக்காரருக்கு வேலை போயிற்று. மேடையும் அவரோடு போயிற்று.

இப்போது வெளிநாட்டுக் கதைக்கு வாருங்கள். அமெரிக்காவில் கச்சேரி அரங்காக மாறிய பெரிய தியேட்டர்களில் பல, 1920களில் கட்டியவை அல்லது அந்தப் பாணியிலேயே கட்டியவை. செயின்ட் லூயிஸ் நகரில் 1925இல் திறந்த தியேட்டரை 1968இல் அந்த ஊர் சிம்பொனிக் குழு தன் வீடாக்கிக்கொண்டது. பிட்ஸ்பர்கில் 1927இல் வந்த தியேட்டர் 1971இல் அதேபோல் மாறியது. ஓக்லண்டின் பாரமவுண்ட் 1931இல் திறந்தது, 1973இல் கச்சேரி அரங்கானது. டிவி வந்து, ஜனங்கள் புறநகருக்குக் குடிபோய், நகர நடுவில் இருந்த பிரம்மாண்டக் கட்டடங்கள் சும்மா கிடந்தன. புதிதாக அரங்கம் கட்டுவதைவிட அவற்றைச் சீர்செய்வது மலிவாக இருந்தது. எல்லாவற்றுக்கும் மேலாக, அந்தக் கட்டடங்களில் ஆழமான மேடையும், வாத்தியக்காரர்கள் உட்காரப் பள்ளமும், உயரமான கூரையும் ஏற்கெனவே இருந்தன. மௌனப்படத்துக்கு இசைக்குழு வாசிக்கவும், படத்துக்கு முன்னால் ஆட்டம் பாட்டு நடத்தவும் கட்டியவை அவை. நடுவில் நாற்பது வருஷம் சினிமா ஓடிற்று, அவ்வளவுதான்.

பாரிஸின் ஒலிம்பியாவும் அப்படித்தான். 1893இல் இசையரங்காகத் திறந்து, 1929இல் சினிமாவாகி, 1954இல் மறுபடி இசையரங்கானது. மும்பையின் ராயல் ஓபரா ஹவுஸ் 1911இல் திறப்பு விழா கண்டது, பிறகு சினிமா தியேட்டராக ஓடி 1993இல் மூடப்பட்டு, 2016இல் மறுபடி மேடை அரங்காகத் திறந்தது. இந்தியாவில் நடக்காத காரியம் இல்லை என்பதற்கு அது போதும். ஆனால் அதுவும் பிறந்தபோது ஓபரா ஹவுஸ்.

நம்ம பக்கத்தில் இன்று பூட்டிக் கிடப்பவை பெரும்பாலும் ஐம்பதுகளிலிருந்து எண்பதுகள் வரை கட்டியவை. நீங்கள் சொல்வதும் அந்த வகையாகத்தான் இருக்க வேண்டும். அவற்றில் திரையைத் தூக்கிப் பின்னால் போய்ப் பாருங்கள். நாலடி, மிஞ்சினால் ஆறடி. அப்புறம் செங்கல் சுவர். ஒரு ஹாரன் பெட்டி, அதன் தலைமேல் வௌவால் எச்சம், கிழிந்த பழைய திரை சுருட்டி வைத்தது, எப்போதோ செத்த பல்லி. திரையில் ஊசித் துளைகளாக இருக்கும். பின்னால் இருக்கும் ஸ்பீக்கரின் சத்தம் அதன் வழியாகத்தான் வெளியே வருகிறது. நாலு பேர் சம்மணம் போட்டு உட்கார அங்கே இடம் கிடையாது. திரைக்கு முன்னால் மேடை போடலாம், போட்டால் முன்வரிசைகள் நாலைந்து போய்விடும். அது பெரிய நஷ்டமில்லை. தரை டிக்கெட்டில் கழுத்து வலிக்கப் படம் பார்த்தவர்களுக்குத் தெரியும்.

பெரிய சிக்கல் சுவரில் இருக்கிறது. பேசும் படத்துக்கு வசனம் தெளிவாகக் கேட்க வேண்டும். இசைக்கு வேண்டிய எதிரொலியும் முழக்கமும் படத்தின் ஒலியிலேயே பதிவாகி வந்துவிடுகின்றன. கூடம் தன் பங்குக்கு எதுவும் சேர்க்கக் கூடாது. அதனால் டாக்கீஸ் கட்டியவர்கள் சத்தத்தை விழுங்கும்படி சுவரைச் செய்தார்கள்: துளை போட்ட போர்டு, பின்னால் கண்ணாடிப் பஞ்சு. பணம் இல்லாத இடத்தில் சாக்கு. பல்லடம் பக்கம் ஒரு தியேட்டரில் போர்டைக் கழற்றினால் உள்ளே மில் வேஸ்ட் பஞ்சு அடைத்திருந்தது. தீ பிடித்தால் என்ன ஆகும் என்று நினைத்து அன்று இரவு தூக்கம் வரவில்லை. ஒலிக்கு மட்டும் அது அருமையாக வேலை செய்தது, மறைக்காமல் சொல்கிறேன்.

இதைக் கணக்காகச் சொல்லலாம். ஹார்வர்டில் வாலஸ் சபைன் என்ற பேராசிரியர் 1895இல், ஒரு வகுப்பறையில் பேச்சு புரியவில்லை என்ற புகாரை ஆராயப் போய், பக்கத்து அரங்கின் மெத்தைகளை ராத்திரி ராத்திரியாகச் சுமந்துவந்து போட்டு, சத்தம் அடங்க எவ்வளவு நேரம் ஆகிறது என்று அளந்தார். அதிலிருந்து வந்த கணக்கு இன்றும் எங்கள் தொழிலின் அரிச்சுவடி: கூடத்தின் கன அளவை 0.161ஆல் பெருக்கி, அங்கே சத்தத்தை விழுங்கும் மொத்தப் பரப்பால் வகுத்தால், ஒலி அடங்கும் நேரம் நொடிக் கணக்கில் கிடைக்கும். சினிமாவுக்கு ஒரு நொடியோ அதற்குக் கொஞ்சம் குறைவோ போதும். மேற்கத்திய சிம்பொனிக்கு இரண்டு நொடி அளவுக்கு வேண்டும்.

உங்கள் ஊர் தியேட்டர் 30 மீட்டர் நீளம், 18 மீட்டர் அகலம், 8 மீட்டர் உயரம், 900 சீட்டு என்று வைத்துக்கொள்வோம். கன அளவு 4,320 கன மீட்டர். தலைக்கு 4.8 கன மீட்டர். சிம்பொனி அரங்கில் இது எட்டிலிருந்து பத்து வரை இருக்கும். ஒரு ஆளும் அவர் சீட்டும் சேர்ந்து சுமார் 0.45 சதுர மீட்டர் அளவுக்குச் சத்தத்தை விழுங்கும். ஹவுஸ்ஃபுல் ஆனால் ஜனங்களே 405 சதுர மீட்டர். ஆக, சுவரில் இருப்பதையெல்லாம் உரித்து வெறும் சிமெண்டாக விட்டாலும் 1.7 நொடியைத் தாண்டாது. கூரையைத் தூக்கினால் ஒழிய டாக்கீஸ் சிம்பொனி அரங்கு ஆகாது. இது என் அபிப்பிராயம் இல்லை, கணக்கு.

ஆனால் நமக்கு யார் சிம்பொனி கேட்டார்கள்? இங்கேதான் நிறையப் பேர் தப்பான முடிவுக்குப் போகிறார்கள். கூடத்தில் எதிரொலியே இல்லை, செத்துக் கிடக்கிறது, சங்கீதத்துக்கு உயிர் வேண்டும் என்று சொல்லி, முதல் வேலையாகப் போர்டைப் பிய்த்துவிடுகிறார்கள். பதினைந்து வருஷத்துக்கு முன்னால் ஒரு சிற்றூரில் அதை நான் கண்ணால் பார்த்தேன். மூடி ஆறேழு வருஷம் ஆன தியேட்டர். உரிமையாளர் சங்கீதப் பிரியர், நல்ல மனுஷன். எலி நாற்றம் அடிக்கிறது என்று போர்டையெல்லாம் எடுத்துவிட்டு, ஆளுயரத்துக்கு டைல்ஸ் ஒட்டி, மேலே ஆயில் பெயிண்ட் அடித்து, பளபளவென்று வைத்திருந்தார். வீணைக் கச்சேரி. மைக் வேலை என்னுடையது. முன்கூட்டியே போய்ப் பார்க்காதது என் தப்பு. சாயங்காலம் நாலு மணிக்கு மிருதங்க வித்வான் ஒரு தட்டுத் தட்டினார். பின்சுவரிலிருந்து அதே தட்டு திரும்பி வந்தது. ஒலி போக முப்பது மீட்டர், வர முப்பது மீட்டர், கிட்டத்தட்ட 0.18 நொடி. அவர் கையை மடியில் வைத்துக்கொண்டு என்னைப் பார்த்து, "ஏனுங்க, பின்னாடி இன்னொருத்தரு உக்காந்திருக்காருங்களா?" என்றார்.

கச்சேரிக்கு இரண்டு மணி நேரம்தான் இருந்தது. பந்தல்காரரை எழுப்பி, இருக்கிற பவானி ஜமக்காளத்தையெல்லாம் கொண்டுவரச் சொல்லி, பின்சுவரில் மேலிருந்து கீழே தொங்கவிட்டோம். சுவரோடு ஒட்டாமல் அரையடி தள்ளி, இரண்டு மடிப்பாக. தட்டின் கூர்மை போயிற்று, மிருதங்கத்தின் வலப்பக்கமான வலந்தலையின் சத்தம் அடங்கிற்று. ஆனால் துணி உயர்ந்த ஒலியைத்தான் தின்னும், கனத்த ஒலியைத் தொடாது. இடப்பக்கமான தொப்பியின் கும்கி என்ற கனத்த நாதம் கூடம் முழுக்க உருண்டுகொண்டே இருந்தது, வீணையின் கீழ்ஸ்தாயி அதற்குள் முங்கிப்போயிற்று. முன்வரிசையில் இருந்தவர்கள் ரசித்தார்கள். பால்கனியில் இருந்தவர்கள் பாதியில் எழுந்து போனார்கள். போர்டை மட்டும் புதிதாக மாற்றி விட்டிருந்தால், மைக்கோடு அந்தக் கச்சேரி அழகாக நடந்திருக்கும்.

அதனால் எந்தக் கச்சேரி என்ற கேள்விக்கு வருகிறேன். மைக் வைத்து நடக்கும் மெல்லிசைக்குச் செத்த கூடம்தான் சரியான கூடம். டிரம்ஸும் பேஸ் கிட்டாரும் கீபோர்டும் ஸ்பீக்கர் வழியாக வரும்போது கூடம் வாயை மூடிக்கொண்டிருக்க வேண்டும். கர்நாடக இசைக்கும் இப்போது எல்லா சபாக்களிலும் மைக்தான். ஒரு நொடிக்குச் சற்றுக் கூடுதலாக இருந்தால் பாடகர்களுக்கு இதமாக இருக்கும் என்பது என் அனுபவம், வேறு ஆள் வேறு சொல்வார். நாதஸ்வரமும் தவிலும் வேண்டாம். அவை கோயில் பிரகாரத்துக்கும் வீதிக்கும் பிறந்தவை. டாக்கீஸுக்குள் முதல் பத்து வரிசைக்காரர்கள் காதைப் பொத்திக்கொள்வார்கள். வள்ளிக்கும்மி ஆட்டத்துக்கு நூறு பேர் சுற்றி வர மைதானம் வேண்டும். ஆனால் ஒரு ஆசை எனக்கு உண்டு: பொன்னர்-சங்கர் கதையான அண்ணன்மார் கதையை உடுக்கை அடித்துப் பாடுகிறவர்கள், ஒரு குரல், ஒரு உடுக்கை, வார்த்தை ஒவ்வொன்றும் காதில் விழ வேண்டிய பாட்டு. பழைய டாக்கீஸ் அதற்கென்றே கட்டியதுபோல இருக்கும். வசனம் கேட்கக் கட்டிய கூடம் இல்லையா?

டாக்கீஸில் கச்சேரிக்கு லாபமான சங்கதிகளும் இருக்கின்றன. சாய்வான தரை, எல்லாருக்கும் மேடை தெரியும். ஜெனரேட்டர் ரூம் இருக்கிறது. ஆபரேட்டர் ரூமின் ஜன்னலிலிருந்து மேடைக்கு நேர்கோடு. அங்கே ஒரு ஸ்பாட் லைட் வைத்தால், பழைய புரொஜெக்டரில் வெளிச்சத்துக்குக் கார்பன் குச்சி எரித்த அதே இடத்திலிருந்து பாடகர் முகத்தில் வெளிச்சம் விழும். பாதகம் என்றால், ஷீட் கூரை. ஐப்பசியில் ஒரு மழை பிடித்தால் ஆலாபனை அம்பேல். உள்கூரைக்கு மேலே கனமான மினரல் உல், அதாவது கனிமப் பஞ்சு பரப்பினால் மழைச் சத்தம் ஓரளவு குறையும். கூரையைத் தாங்கும் டிரஸ் சட்டத்தில் விளக்குகளைத் தொங்கவிடுவதற்கு முன் கட்டடப் பொறியாளரைக் கூப்பிடுங்கள், கயிறு கட்டி நம்பிக்கையில் தொங்கவிடாதீர்கள். எக்ஸாஸ்ட் ஃபேன் இரைச்சல் படத்தில் தெரியாது, தம்பூரா சத்தத்தில் தெரியும்.

பிறகு ஏன் எல்லாம் கல்யாண மண்டபம் ஆகிறது? பணம்தான். மண்டபத்துக்கு முகூர்த்த நாளில் வாடகை உறுதி; சாப்பாட்டுக் கூடம், பார்க்கிங், இரண்டும் தியேட்டர் வளாகத்திலேயே கிடைக்கிறது. நம்ம பக்கம் மெல்லிசைக் கச்சேரி என்றால் மாரியம்மன் பண்டிகைக்குத் திறந்த வெளியில், இலவசம். டிக்கெட் போட்டு நடக்கும் பெரிய சினிமாப் பாட்டுக் கச்சேரி கோவையின் கோடிசியா கண்காட்சி வளாகம் மாதிரி இடங்களுக்குப் போகிறது. கர்நாடகக் கச்சேரிக்குக் கோவையில் பள்ளிக்கூட அரங்குகளும் பாரதிய வித்யா பவனும் இருக்கின்றன. நடுவில், எண்ணூறு பேர் காசு கொடுத்து மாசத்துக்கு நாலு நாள் வந்து உட்காரும் பழக்கம் இன்னும் உருவாகவில்லை. கட்டடத்தைவிட எனக்குக் கவலை அதில்தான். மண்டபமாக மாற்றும்போது சாய்வுத் தரையை மண் கொட்டிச் சமமாக்கிவிடுவார்கள். அது நடந்துவிட்டால் பிறகு எதுவும் செய்ய முடியாது, ஆகவே உரிமையாளரிடம் பேசுவதென்றால் அதற்கு முன்னால் பேசுங்கள்.

அனுமதி விஷயம் சுருக்கமாக. சினிமா லைசென்ஸ் 1955ஆம் வருஷத்து தமிழ்நாடு சினிமா ஒழுங்குமுறைச் சட்டத்தின்படி படம் காட்டத்தான். அது உயிரோடு இருந்தாலும் கச்சேரிக்கு அது போதும் என்று நினைக்காதீர்கள். பொதுமக்கள் கூடும் இடங்களுக்கு 1888ஆம் வருஷத்துச் சட்டம் ஒன்று தனியாக இருக்கிறது. கட்டட உறுதி, மின் ஆய்வு, தீயணைப்பு மூன்றும் புதிதாகப் பார்க்க வேண்டிவரும். நான் சொன்ன பஞ்சுக் கதையை நினைவில் வைத்துக்கொண்டு தீயணைப்புக்காரர்களை முதலில் கூப்பிடுங்கள்.

நேரில் பார்க்காமல் உங்கள் தியேட்டர் தேறுமா என்று நான் சொல்ல முடியாது. ஆனால் நீங்களே ஒரு சோதனை செய்யலாம். காலையில் வண்டிச் சத்தம் இல்லாத நேரத்தில், வாட்ச்மேனிடம் சாவி வாங்கிக்கொண்டு போய், திரை இருந்த இடத்தில் நின்று பலமாக ஒரே ஒருமுறை கைதட்டுங்கள். சத்தம் அங்கேயே அடங்கினால் சுவர்ப் போர்டு இன்னும் வேலை செய்கிறது, கை வைக்க வேண்டாம். இன்னொருவர் கைதட்டியதுபோல் பின்னாலிருந்து தனியாகத் திரும்பி வந்தால் பின்சுவரும் பால்கனி முகப்பும் பார்க்க வேண்டியவை. படபடவென்று கோழி இறக்கை அடிப்பதுபோல் கேட்டால் பக்கச் சுவர்கள் இரண்டும் ஒன்றையொன்று பார்த்துப் பந்து விளையாடுகின்றன. அப்படியே நாலு அளவு எடுங்கள்: திரையிலிருந்து பின்சுவர், அகலம், உள்கூரை உயரம், திரைக்குப் பின்னால் எத்தனை அடி. கைதட்டலைப் போனில் பதிவு செய்து, இந்த நாலு அளவோடு இங்கேயே போடுங்கள். மீதியை அதை வைத்துப் பேசுவோம்.